வெயிலில் நின்ற வண்டி

போன வாரம் நம் வீட்டு வண்டிக்கு ஹெட்டு மாற்றினோமே, அன்றைக்குக் கடையில் நான் செய்ததைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். "ஹெட்டும் மேனிஃபோல்டும் ஒரே கம்பெனி செட்டுதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைக்காரருக்கே அலுத்துவிட்டது. "அட, ஒரே செட்டுதாங்க சார், பெட்டியைப் பாருங்க" என்றார். நான் பெட்டியைப் பார்க்கவில்லை. இரண்டையும் வெளியே எடுத்து, வாயோடு வாய் வைத்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். சின்னவள் உடனே, "அப்பா கத்திரிக்காய்ல புழு பாக்குறாரு" என்றாள்.

சிரித்ததற்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தத் தடவல் ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி விஷயம். ஸ்கூட்டர் எஞ்சினின் மேல்பாகத்துக்குப் பேர் ஹெட்டு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்பரேட்டர். இரண்டுக்கும் நடுவில் முழங்கை மடக்கின மாதிரி ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதுதான் மேனிஃபோல்டு. குழாயின் வாயும் ஹெட்டின் வாயும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். நடுவில் காகிதம் போல ஒரு பேக்கிங். வாய் ஒரு அரிசி அகலம் விலகியிருந்தால்கூட, எஞ்சின் சூடானதும் அந்தச் சந்து வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். கலவை கெட்டுப்போகும். வண்டி நின்றுவிடும். ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். இவ்வளவுதான். இந்த அரிசி அகலத்தில்தான் உங்கள் அத்தையின் படிப்பு போனது.

மணப்பாறை அத்தையைத்தான் சொல்கிறேன். எனக்கு அக்கா.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு, அதாவது நீங்கள் பார்க்காத உங்கள் தாத்தாவுக்கு, சாத்தார வீதியில் பூ வியாபாரம். விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வெயில் ஏறுவதற்குள் வியாபாரம் முடிந்துவிடும். வந்து குளித்து, பழைய சோறு சாப்பிட்டு, ஃபேனுக்கு அடியில் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அப்பா வெயிலில் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது மெரூன் கலர் வண்டி. கியர் கிடையாது. கால் வைக்கும் இடத்தில்தான் பூ மூட்டை ஏறும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்தத் தகட்டு இடுக்கில் அழுகின சம்பங்கி வாடை போகாது. அதோடு பெட்ரோல் வாடையும் சேரும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த இரண்டு வாடையும் ஒன்றாக வந்தால் திரும்பி அந்த வண்டியைத் தேடுவேன். அப்பா வந்து படுத்ததும் அக்கா அதே வண்டியை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போவாள். காவிரிப் பாலம் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு, பாலக்கரை எல்லாம் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டில் இருந்தது அந்த பாலிடெக்னிக். மெக்கானிக்கல் டிப்ளமா, கடைசி வருடம். அவள் வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வண்டியோடு அவள் உள்ளே நுழைந்தால் தோழிகள், "ஏய், சாமி புறப்பாடு வருதுடி" என்பார்களாம். வீட்டில் வந்து அதைச் சொல்லி அவளே சிரிப்பாள்.

அப்பாவுக்கு முதலில் பெருமைதான். பூ மார்க்கெட்டில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "எம் பொண்ணு மெக்கானிக்கல் படிக்குது" என்பார். எனக்கு இன்றைக்கும் விளங்காதது இதுதான். மெக்கானிக்கல் படிக்கிற பெண் வண்டியில் கோளாறு என்று சொன்னால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மரத்தடி மெக்கானிக் கோளாறு இல்லை என்று சொன்னதும் வந்துவிட்டது.

அந்த வருடம் மாசி மாதம் அப்பா ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து மாட்டும்போது, தன் கை பலத்தைக் காட்டி முறுக்கிவிட்டார். ஹெட்டில் இருந்த மரை தேய்ந்துபோனது. திருவானைக்காவலில் புங்க மரத்தடியில் கடை வைத்திருந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் போயிருந்தோம்.

"ஹெட்டு போச்சுங்க. புதுசு போட்டுடலாம். கம்பெனி ஹெட்டெல்லாம் எதுக்கு? வெளி ஐட்டமே சூப்பரா வருது" என்றார் மெக்கானிக். பழைய ஹெட்டைக் கழற்றும்போது மேனிஃபோல்டில் போல்ட்டு மாட்டுகிற காது ஒன்று உடைந்துவிட்டது. அதையும் வேறொரு கடையில் வேறொரு கம்பெனியில் வாங்கிவரச் சொன்னார்.

அவர் மாட்டுவதற்கு முன்னால் அக்கா இரண்டையும் கையில் எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தாள். உள்ளே விரல் விட்டாள்.

"அண்ணே, வாய் ஒதுங்கியிருக்கு. இந்தப் பக்கம் படியா நிக்குது, தொட்டுப் பாருங்க."

"ரெண்டு போல்ட்டும் உக்காந்துடுச்சுல்ல தங்கச்சி? போல்ட்டு உக்காந்தா எல்லாம் உக்காந்த மாதிரிதான்."

"போல்ட்டு வழியாவாண்ணே பெட்ரோல் போவுது?"

பக்கத்தில் வண்டிக்குக் காத்திருந்த ஆட்டோக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "மாட்டுனியா? காலேஜ் புள்ளைகிட்ட வாய் குடுத்தா இப்படித்தான்" என்றார். மெக்கானிக்கின் முகம் சுருங்கிப்போனது. அப்பாவுக்கும்தான்.

"ஏய், பெரியவங்க வேலை செய்யுறாங்கல்ல? வாயை மூடிக்கிட்டு நில்லு."

மாட்டியாயிற்று. ஒரு உதையில் வண்டி கிளம்பியது. மரத்து நிழலில், ஆறின எஞ்சின். கிளம்பாமல் என்ன செய்யும்? அப்பா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "பட்டு மாதிரி போவுது" என்றார்.

பங்குனி வெயில் ஆரம்பித்ததும் கோளாறு தெரிந்தது. காலையில் போகும்போது ஒன்றும் இருக்காது. நாள் முழுக்க வெட்டவெளியில் காய்ந்த வண்டியை எடுத்துக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து வந்தால், எங்கேயாவது சிக்னலில் நின்ற இடத்தில் இரண்டு இருமல் இருமும். அப்புறம் எவ்வளவு உதைத்தாலும் எழுந்திருக்காது. ஒருநாள் பாலக்கரை, ஒருநாள் மெயின்கார்டு கேட், ஒருநாள் பாலத்து நடுவில். ஆறுகிற வரைக்கும் அவள் அங்கேயே நிற்க வேண்டும். இல்லையென்றால் தள்ள வேண்டும்.

அப்போது எல்லார் கையிலும் போன் கிடையாது. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், பெட்டிக்கடை வாசலில் சிவப்புப் பெட்டி ஒன்று தொங்கும், ஒரு ரூபாய் போட்டால் பேசலாம். அக்கா அதிலிருந்து எதிர்வீட்டுக்குப் பேசுவாள். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "உங்க பொண்ணுக்கு இன்னைக்கும் வண்டி நின்னுடுச்சாம்" என்று சேதி சொல்வார். "இன்னைக்கும்" என்ற சொல்லை ஒரு இழு இழுப்பார்.

இருட்டுகிற நேரத்துக்கு அக்கா வருவாள். முகமெல்லாம் வேர்வை, கையெல்லாம் கரி.

"எங்கடி போன?" என்பார் அம்மா.

"எங்கம்மா போவேன்? வண்டி நின்னுடுச்சு."

அப்பா உள்ளேயிருந்து சொல்வார்: "காலையில நான்தானே ஓட்டுனேன்? தங்கமா ஓடுச்சு."

"காலையில ஓடும்பா. சூடானாதான் நிக்குது. ஒருநாள் மத்தியானம் நீங்க ஓட்டிப் பாருங்க."

"எனக்கு வேற பொழப்பு இல்ல, பாரு."

அப்பா வண்டியைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் மார்க்கெட் முடிந்து வரும் வழியில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். லீவு நாள் என்பதால் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இளவெயில். திருவானைக்காவல் என்ன, ஒரு மூச்சு தூரம். மெக்கானிக் ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கிக் காதை வைத்துக் கேட்டார். ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார்.

"வண்டில ஒண்ணுமே இல்லீங்க."

"பொண்ணு தெனம் நிக்குதுன்னு சொல்லுதேப்பா."

மெக்கானிக் கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. வயசுப் புள்ளை. வண்டி நிக்குதா, வண்டியை நிறுத்துதான்னு பாத்துக்கங்க."

அப்பா வண்டியை உதைத்துக் கிளப்பினார். அவர் முதுகுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த முதுகு கல் மாதிரி இறுகியிருந்தது மட்டும் தெரிந்தது. மரத்தடியில் ஆட்டோக்காரர் சிரித்த சிரிப்புக்கு மெக்கானிக் வட்டி போட்டு வசூலித்துவிட்டார் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

அந்த வாரமே பக்கத்துக் கடை மாலைக்காரர் இன்னொன்று சொன்னார். அக்கா பாலத்து மேல் ஒரு பையனோடு நின்றிருந்தாளாம். "யாருங்க அது, சொந்தக்காரப் பையனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அந்தப் பையன் யாரென்று அக்காவுக்கே தெரியாது. தள்ள முடியாமல் நின்றவளைப் பார்த்து, சைக்கிளை ஓரம் நிறுத்திவிட்டு, பாலம் இறங்குகிற வரைக்கும் வண்டியைத் தள்ளிக் கொடுத்தவன். பேர்கூடக் கேட்கவில்லை என்று அக்கா சொன்னாள். பேர் கேட்காத பெண்ணை உலகத்தில் யார் நம்புகிறார்கள்?

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் வகுப்பு. என்னைக் கூப்பிட்டாள்.

"நீ என்கூட வாடா. நீயே உன் கண்ணால பாரு. நீ சொன்னா நம்புவாங்க."

எனக்கு ஒரே குஷி. காலேஜ் வாசல் வாட்ச்மேன் பக்கத்து ஸ்டூலில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது சிந்தாமணி தாண்டி, பாலம் ஏறுகிற இடத்தில் வண்டி இருமியது. நின்றது. அக்கா திரும்பி என்னைப் பார்த்து, "வந்துடுச்சு பாரு" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். வண்டி நின்றதற்குச் சந்தோஷப்பட்ட ஆளை நான் வாழ்க்கையில் அவளைத்தான் பார்த்திருக்கிறேன்.

வெயில் என்றால் வெயில். காவிரியில் தண்ணீர் இல்லை. கீழே மணல் வெள்ளைத் துணி விரித்த மாதிரி கண்ணைக் கூசவைத்தது. வண்டி ஆறட்டும் என்று கைப்பிடிச் சுவர் நிழலில் குந்தியிருந்தோம். ஐஸ் வண்டிக்காரர் வந்தார். எனக்கு ஒரு சேமியா ஐஸ் வாங்கித் தந்தாள், ஆரஞ்சுக் கலரில். கொஞ்ச நேரம் கழித்து உதைத்தாள், எழுந்தது. ஆனால் சீராக இல்லை. ஏறுவதும் இறங்குவதுமாக மூச்சுவாங்கியது. அக்கா சீட்டைத் தூக்கி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் கொஞ்சமாக ஊற்றினாள். சுர்ரென்று ஆவி. அந்த ஒரு நிமிடம் எஞ்சின் சத்தம் ஒழுங்கானது. தண்ணீர் காய்ந்ததும் பழையபடி இழுத்தது.

"கேட்டியா? தண்ணி அடைச்சா ஒழுங்கா ஓடுது. காஞ்சா இழுக்குது. அந்த எடத்துல காத்து உள்ள போவுதுடா. ரெண்டு வாயும் ஒட்டல. நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"கேட்டுச்சுக்கா."

"வீட்ல அப்படியே சொல்லு. ஒண்ணும் கூட்டாதே, கொறைக்காதே."

நான் அப்படியேதான் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா முன்னால் நின்று, மூச்சுவாங்க, தண்ணீர் ஊற்றினது வரைக்கும் ஒப்பித்தேன். அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "நாக்கை நீட்டு" என்றார்.

நீட்டினேன். ஆரஞ்சுக் கலர்.

"சாட்சி சொல்றதுக்குக் கூலி வாங்கித் தின்னுட்டு வந்துருக்கான், பாரு" என்றார் அம்மாவிடம். அம்மா புடவைத் தலைப்பால் என் வாயைத் துடைத்துவிட்டார். துடைத்தால் நாக்குக் கலர் போகுமா?

அக்கா அன்றைக்கு அழவில்லை. நேராக அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நாளைக்கு ஒரே ஒரு நாள். மத்தியானம் என்கூட வாங்க. பாலம் வரைக்கும் போய்ட்டு வருவோம். வண்டி நிக்கலைன்னா நான் காலேஜுக்கே போகல."

கேட்ட முறை தப்பு என்று அம்மா பிற்பாடு பல தடவை சொன்னார். எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னதில்லை.

"எங்கிட்ட பந்தயம் கட்டுறியா? அவ்வளவு ஆயிடுச்சா?" அப்பா எழுந்தார். ஆணியில் தொங்கின சாவியை எடுத்துத் தன் மடியில் செருகிக்கொண்டார். "நீ போவ வேணாம். பந்தயத்துல தோத்தேன்னு வெச்சுக்க."

"அப்ப பஸ்ல போறேன்ப்பா. சித்திரையில பரீட்சை."

"பொய் சொல்ற புள்ளைக்கு வண்டி என்ன, பஸ் என்ன."

சித்திரை வந்தது. பரீட்சை தேதிகள் ஒவ்வொன்றாகப் போயின. அந்த நாட்களில் அக்கா காலையில் எழுந்து, குளித்து, தலைவாரிப் பின்னி, கூடத்தில் உட்கார்ந்து பூ கட்டுவாள். காலேஜுக்குப் போட்டுப்போகிற சுடிதாரில். அம்மா இரண்டு தடவை மாற்றிக்கொள்ளச் சொன்னார். பிறகு சொல்லவில்லை. வைகாசியில் மணப்பாறைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்த குடும்பம். உங்கள் மாமா நல்ல மனிதர், அது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அப்பா அதையெல்லாம் பார்த்துச் செய்யவில்லை. அவசரத்தில் கை நீட்டியதில் நல்ல பழமாக வந்துவிட்டது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அந்த மெக்கானிக் வந்து முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கூட்டம் எப்படி நெரியும் என்று உங்களுக்குத் தெரியும். பூ அன்றைக்குக் காலையோடு முடியாது. மத்தியானம் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று அப்பா வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போனார். அரளியும் சாமந்தியும் மூட்டையாகக் கட்டி ஏற்றிக்கொண்டு திரும்பினார். நானும் அம்மாவும் கடையில் காத்திருந்தோம். வந்த கூட்டம் எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போனது. அப்பா வரவில்லை.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கூட்டமே கரைந்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூட்டையைத் தொட்டால் வெந்த கீரை மாதிரி இருந்தது.

அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார், எப்போதும் கேட்கிற மாதிரி. "எங்க போய்ட்டீங்க, இவ்வளவு நேரம்?"

"வண்டி நின்னுடுச்சு" என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அம்மா அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா யாரையும் பார்க்காமல் வாடின பூவைக் குப்பைக் கூடையில் கொட்ட ஆரம்பித்தார். நல்ல பூவையும் சேர்த்துக் கொட்டினார்.

மறுநாள் அடுப்படியில் இரண்டு பேரும் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா?" இது அம்மா.

"சொல்லி?"

"இல்ல... பாவம்."

"இப்ப சொன்னா என்ன ஆவும்? எதுக்குப் படிப்பை நிறுத்துனாங்கன்னு அவ புருஷன் கேப்பான். பொய் சொல்லுதுன்னு நெனச்சு நிறுத்துனோம்னு சொல்லுவியா? வாயை வெச்சுக்கிட்டுக் கம்முனு இரு."

அப்பா கெட்டவர் இல்லை, பிள்ளைகளா. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சொர்க்கவாசல் காட்டினவர். பூக்கார அம்மா யாராவது கடனில் விழுந்தால் தன் சரக்கைக் கொடுத்துவிடுவார். ஆனால் மகளிடம் ஒரு வாக்கியம் சொல்ல அவருக்கு முடியவில்லை. வண்டியை மெக்கானிக்கிடம் மறுபடி கொண்டுபோகவும் இல்லை. அப்படியே காலையில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா தலைதீபாவளிக்கு வந்தாள். வந்த அன்றைக்கே கொல்லைப்புறம் துணி துவைத்துக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, ஆடிப்பெருக்கன்னைக்கு அப்பாவுக்கும் நின்னுடுச்சு."

அவள் துணியைப் பிழிந்துகொண்டே, "எங்க?" என்றாள்.

"பாலத்துல."

"மத்தியானமா?"

"ஆமா."

"ம்" என்றாள். அடுத்த துணியை எடுத்தாள். அதையும் முழுதாகத் துவைத்து முடித்தாள்.

தீபாவளிக்கு மறுநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், வண்டியை வாசலில் இழுத்து நிறுத்தி, சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பேனரை எடுத்தாள். கழுத்தில் புது மஞ்சள் சரடு, பட்டுப்புடவை. மாமா ஒன்றும் புரியாமல் பக்கத்தில் வந்து குந்தினார்.

"என்ன பண்ற?"

"சும்மா பாக்குறேன்."

போல்ட்டு இரண்டையும் கழற்றி மேனிஃபோல்டை உருவினாள். நடுவிலிருந்த பேக்கிங் கையோடு வந்தது. அது பேக்கிங் தாளே இல்லை. யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ கத்தரித்துச் செய்த வளையம். ஒரு பக்கம் கருகிச் சுருண்டிருந்தது, இன்னொரு பக்கம் தங்க எழுத்து மினுங்கியது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாமா கையில் கொடுத்தாள். "நல்ல அட்டை. பணக்கார வீட்டுக் கல்யாணம்" என்றாள்.

பிறகு அம்மாவிடம் குங்குமச் சிமிழைக் கேட்டு வாங்கி, எண்ணெயில் குழைத்து, மேனிஃபோல்டின் வாய் முழுக்கப் பூசி, ஹெட்டில் அழுத்தி எடுத்தாள். ஹெட்டின் மேல் சிவப்பு வளையம் விழுந்தது. முழு வளையம் இல்லை. ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது.

"இங்க ஒட்டவே இல்ல பாருங்க. இந்த வழியாத்தான் காத்து போவுது" என்று மாமாவிடம் விரலால் காட்டினாள். "உள்ள வாயும் ஒதுங்கியிருக்கு. ரெண்டும் வேற வேற கம்பெனி. போல்ட்டு ஓட்டையை மட்டும் ஒண்ணா போட்டு விக்கிறாங்க."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன்ல?"

மாமா எழுந்து போய்ப் பேக்கிங் சீட்டும், உருண்டை அரமும், எம்ரி தாளும் வாங்கிவந்தார். அவள் எழுதிக் கொடுக்காமல் வாயால் சொன்னதை வரிசை மாறாமல் வாங்கிவந்தார். அடுப்படி மேடையின் கடப்பைக் கல்தான் வீட்டிலேயே சமமான இடம் என்று, அதன் மேல் எம்ரி தாளை விரித்து மேனிஃபோல்டைத் தேய்த்தாள். "தீபாவளியும் அதுவுமா அடுப்படியில கரியைக் கொண்டாந்து..." என்று அம்மா புலம்பினார். ஆனால் பாத்திரங்களை நகர்த்தி இடம் விட்டார். அரத்தால் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, குங்குமம் பூசி, ஒற்றி, மறுபடி சீவினாள். கடைசியில் முழு வளையம் விழுந்தது. என் கையைப் பிடித்து உள்ளே விரலை விடச் சொன்னாள். ஒரு இடத்திலும் தட்டவில்லை.

தேய்க்கும்போதே மாமா கேட்டார். "இன்னும் எவ்வளவு பாக்கி, படிப்பு?"

"கடைசிப் பரீட்சை மட்டுந்தான். வர்ற சித்திரையில எழுதலாம். இங்க ஒரு மாசம் தங்கி எழுதிட்டா டிப்ளமா வந்துடும்."

"எங்கம்மா என்னமோ சொல்லும். ஆனா உங்கப்பா ஒரு வார்த்தை சொன்னார்னா, அது மறுக்காது. நான் கேக்குறேன் அவர்கிட்ட."

அக்கா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்த வருடம் வேறெப்போதும் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

மாட்டி முடித்து, சாவியை அப்பாவிடம் நீட்டினாள். நல்ல வெயில். "இப்ப ஓட்டிப் பாருங்கப்பா" என்றாள், அவ்வளவுதான். அப்பா மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டு போனார். பாலம் ஏறி, சத்திரம் போய், பாலக்கரை வரைக்கும் போய்விட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. திரும்பி வந்து வாசலில் நிறுத்தினார். இறங்கவில்லை. எஞ்சினை அணைக்கவும் இல்லை. அது சீராக ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மாமாதான் பேசினார். "என்னங்க மாமா, நிக்கவே இல்லையா?"

"நிக்கல."

"கைகாரிதான். இவ்வளவு தெரிஞ்ச பொண்ணைக் கடைசி வருஷத்துல ஏன் மாமா படிப்பை நிறுத்துனீங்க? பரீட்சை மட்டும் எழுதட்டுமே."

அப்பா எஞ்சினை அணைத்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், பிறகு வண்டி ஹேண்டில்பாரைத் துடைத்தார். அம்மா நிலைக்கால் ஓரத்தில் நின்றார். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் போதும். அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன்.

"நாங்க எங்க மாப்பிள்ளை நிறுத்துனோம்? கை வேலை வரும் அதுக்கு. படிப்புதான் ஏறலை. அதுவே வேணாம்னுச்சு."

மாமா அக்கா பக்கம் திரும்பினார். "அப்படியா?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ஆமாங்க" என்றாள். "எனக்கு ஏறலை."

அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.